ஐபி முகவரியை வைத்து ஆள் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா? மேப்பில் விழும் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சின்னதாக ஒரு இணையக் கடை நடத்துகிறோம். தளத்துக்கு வருகிறவரின் ஐபியை (இணையத்தில் அவர் இணைப்புக்கு இருக்கும் எண் முகவரி) பார்த்து மாவட்டத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டு கூரியர் கட்டணத்தைக் காட்டுகிற மாதிரி செய்திருக்கிறோம். ஆனால் பக்கத்துத் தெருக்காரர் போனில் இருந்து ஆர்டர் போட்டால்கூட "சென்னை" என்று காட்டுகிறது. சிலருக்கு மும்பை. தளம் செய்து கொடுத்த பையனைக் கேட்டால், "இலவச டேட்டாபேஸ் அப்படித்தான் அண்ணா, காசு கட்டினால் தெரு வரைக்கும் சொல்லும்" என்கிறான். உண்மையா?

இன்னொரு விஷயம் கொஞ்சம் சூடானது. ஒரே ஆள் வேறு வேறு பெயரில் கேஷ் ஆன் டெலிவரி போட்டு, பார்சல் போனதும் வாங்காமல் திருப்பி விடுகிறான். போக வர கூரியர் செலவு எங்கள் தலையில். அவன் ஐபி எங்களிடம் இருக்கிறது. ஒரு தளத்தில் போட்டுப் பார்த்ததில் 13.0878, 80.2785 என்று வந்தது. மேப்பில் தட்டினால் சென்னையில் ஒரு கட்டடத்தின் மேலேயே புள்ளி விழுகிறது. சனிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று என் மச்சான் நிற்கிறார். போகலாமா?

சும்மா_வந்தேன்

போகட்டும் அண்ணே. அப்படியே மெரினாவையும் பார்த்துட்டு வரட்டும்.

பழைய_ரௌட்டர் (சென்னை)

முதலில் மச்சானின் டிக்கெட்டை கேன்சல் செய்யுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் கொடுத்திருக்கும் எண் எந்த வீடும் இல்லை. ஊர்ப் பெயர்களின் பொதுப் பட்டியல்களில் "சென்னை" என்ற நகரத்துக்கே கொடுத்திருக்கும் புள்ளி அது. சென்ட்ரலுக்கு வடக்கே வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் விழும். நீங்கள் தேடிப் பார்த்த தளம் சொல்ல வந்தது "இந்த ஐபி சென்னையாக இருக்கலாம்" என்பது மட்டும்தான். மேப்பில் காட்ட ஒரு புள்ளி வேண்டுமே, அதற்காக நகரத்துக்கு ஒரு புள்ளியைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சென்னை என்று தீர்மானித்த எல்லா ஐபிக்கும் அதே புள்ளிதான் வரும். சந்தேகம் இருந்தால் சென்னையில் இருக்கும் நாலு சொந்தக்காரர்களின் ஐபியைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது அதே கட்டடத்தில்தான் குடியிருப்பார்கள்.

ஏமாற்றுவது அந்தத் தசம எண்கள்தான். நாலு தசம இடம் என்றால் கணக்குப்படி 11 மீட்டர் துல்லியம். பார்க்கிறவர் அது வீட்டு வாசல் என்றுதான் நினைப்பார். அந்த டேட்டாபேஸிலேயே பக்கத்தில் துல்லிய ஆரம் என்று ஒரு புலம் இருக்கும், புள்ளியைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குள் ஆள் இருக்கலாம் என்று கிலோமீட்டரில். 5, 20, 50, 100, 200, 500, 1000 என்று வரும். இலவசமாக ஐபி தேடித் தரும் தளங்கள் பலவும் அதைக் காட்டாமல் புள்ளியை மட்டும் காட்டுகின்றன. உங்கள் பையனிடம் அந்தப் புலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மச்சானுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டுக்குப் பல வருஷமாக போலீஸ் வந்துகொண்டே இருந்தது. எஃப்பிஐ வந்தது, வருமான வரிக்காரர்கள் வந்தார்கள், ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள், தற்கொலைக்கு முயன்ற யாரையோ காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. மோசடி மெயிலில் காசை இழந்தவர்கள் ஆத்திரத்தோடு வந்தார்கள். யாரோ உடைந்த கக்கூஸ் பீங்கானைக் கொண்டுவந்து வாசல் பாதையில் போட்டுவிட்டுப் போனார்கள். குடியிருந்தவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைசியில் அந்த ஊர் ஷெரிஃப், "இங்கே வராதீர்கள், என்னிடம் கேளுங்கள்" என்று பாதையில் போர்டே வைக்க வேண்டி வந்தது.

காரணம் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் டேட்டாபேஸ். "அமெரிக்கா என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது" என்ற ஐபிக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளி தேவைப்பட்டது. உண்மையான மையம் அதே மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி, நீளமான தசம எண்ணோடு இருந்தது. அதை முழு எண்ணாக்கி 38 வடக்கு, 97 மேற்கு என்று வைத்தார்கள். அந்த முழு எண் இந்தப் பண்ணை நிலத்தில் போய் விழுந்தது. கிட்டத்தட்ட 60 கோடி ஐபி முகவரிகள் அந்த ஒரே புள்ளியில். 2016 ஏப்ரலில் கஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் நிறுவனம் புள்ளியை விச்சிட்டா நகரத்துக்கு மேற்கே ஒரு ஏரியின் நடுவில் கொண்டுபோய் வைத்தது. அந்த ஆகஸ்டில் குடியிருந்தவர்கள் வழக்கும் போட்டார்கள்.

அங்கே போய் நின்றவர்கள் எல்லோர் கையிலும் உங்கள் மச்சான் வைத்திருக்கிற மாதிரி ஒரு மேப் இருந்தது.

ஊவாக்காரன் (பதுளை)

அருமையான விளக்கம் ஐயா. இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்க சிஐஏ வெளியிட்ட உலகத் தகவல் நூலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆள்கூறு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் முழுப் பாகையில். அதில் அமெரிக்காவுக்கு 38 வடக்கு 97 மேற்கு. இலங்கைக்கு 7 வடக்கு 81 கிழக்கு. படத்தில் போட்டுப் பாருங்கள், பதுளை டவுனில் இருந்து மேற்கே சில கிலோமீட்டர். ஐபி தேடும் தளங்களில் இலங்கை என்று மட்டும் தெரிந்த முகவரிக்கு 7.0, 81.0 என்று வருவதை நிறையத் தரம் கண்டிருக்கிறேன். கொழும்பில் இருக்கும் என் தங்கச்சி போனில் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நான் ஊரில் இருப்பதாகச் சொல்லுது" என்று சந்தோஷப்பட்டாள்.

இந்தியாவுக்கு 20 வடக்கு 77 கிழக்கு. அது எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள்.

பழைய_ரௌட்டர் (சென்னை)

ஊவாக்காரரே, பிரமாதம். 20, 77 மகாராஷ்டிரத்தில் விதர்பாவில் வாஷிம் பக்கம். சர்வர் லாக் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு அந்த 20, 77 பழகிய எண். யாராவது "வாஷிமில் இருந்து ஹேக்கர்கள்" என்று அறிக்கை எழுதினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

முழு எண்ணோ, ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதோ கண்ணில் பட்டால் அதை இடமாக எடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இதே கூத்து நடந்தது. அந்த நகரத்துக்கு அமெரிக்க அரசின் நிலப்பட நிறுவனம் கொடுத்திருந்த புள்ளி ஒரு வீட்டின் முற்றத்தில் விழுந்தது. திருட்டுப் போன போனைத் தேடி ஆட்களும் போலீசும் அங்கே போய் நின்றார்கள். 2019 ஜனவரியில் அதுவும் செய்தியாக வந்தது.

வைகைக்கரை (மதுரை)

சார், ரொம்ப நன்றி. பையன் பார்த்துச் சொன்னான், அந்த ஆளின் ஐபிக்குத் துல்லிய ஆரம் 100 என்று இருக்கிறது. மச்சான் கொஞ்சம் அடங்கியிருக்கிறார், ஆனால் முழுசாக இல்லை. "சென்னைன்னாவது உறுதிதானே?" என்று கேட்கிறார்.

பழைய_ரௌட்டர் (சென்னை)

100 கிலோமீட்டர் ஆரம் என்றால் காஞ்சிபுரம், திருத்தணி, மதுராந்தகம் எல்லாம் உள்ளே. மீதிப் பாதி வங்காள விரிகுடா. அதுவும், ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றுதான் அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். மிச்ச ஒரு பங்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், மதுரை உட்பட. மச்சானிடம் இதைக் கடைசியாகச் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம். போன் நம்பருக்கு 044 என்றால் சென்னை, 0452 என்றால் மதுரை. ஐபிக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம்? யாரோ ஒருத்தர்தானே கொடுக்கிறார்?

பழைய_ரௌட்டர் (சென்னை)

கொடுக்கிறவர் ஊருக்குக் கொடுப்பதில்லை, நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். உலகத்தில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இருக்கின்றன. நம் பக்கத்துக்கு ஏப்னிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். அதன் கீழ் இந்தியாவுக்கு ஐரின் 2012 முதல் நடக்கிறது. ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் முகவரிகளை மொத்தமாக வாங்கும்போது பதிவேட்டில் தன் தலைமை அலுவலக முகவரியைக் கொடுக்கும். அது மும்பையில் இருந்தால் "மும்பை". பிறகு அந்த மொத்தத்தில் எந்தத் துண்டைத் தேனியில் போடுவது, எதைத் தூத்துக்குடியில் போடுவது என்பது அவர்கள் நெட்வொர்க் ஆட்கள் இஷ்டம். அடுத்த மாதம் மாற்றவும் செய்வார்கள். பதிவேட்டில் ஒன்றும் மாறாது.

மொபைல் இன்னும் மோசம். உங்கள் போன் தென்காசியில் டவரைப் பிடித்தாலும், டேட்டா நிறுவனத்தின் உள்வலையிலேயே பயணம் செய்து ஏதோ ஒரு பெரிய நகரத்தில் இருக்கும் கேட்வே வழியாகத்தான் இணையத்துக்குள் வெளியே வரும். வெளியே இருக்கிறவனுக்குத் தெரிவது அந்த வாசல்தான். வைகைக்கரையின் பக்கத்துத் தெருக்காரர் சென்னைக்காரர் ஆனது இப்படித்தான்.

அதோடு ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேரை அடைத்து வைக்கும் சிஜிநாட். 2011 பிப்ரவரியில் புது ஐபி முகவரிகளின் உலகக் கையிருப்பு தீர்ந்தது, ஏப்ரலில் ஏப்னிக்கின் பொதுக் கையிருப்பும் தீர்ந்தது. அப்புறம் வேறு வழி? இதற்கென்றே 2012ல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள், சுமார் 42 லட்சம் முகவரிகள். உங்கள் ரௌட்டரின் வெளி இணைப்புக்கு (WAN) அந்த எண் தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வைகைக்கரையிடம் இருக்கும் "அவன் ஐபி"யை அந்த நேரத்தில் இன்னும் எத்தனை பேர் பகிர்ந்துகொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

தெம்பனிஸ்_தம்பி (சிங்கப்பூர்)

ரௌட்டர் சார் சொல்வது பதிவேட்டுப் பக்கம். ஆனால் ஐபியின் இருப்பிடத்தை அளந்தே கண்டுபிடிக்கவும் முடியும், அதை விட்டுவிட்டீர்களே. பதிவேடு பொய் சொல்லலாம், ஒளியின் வேகம் சொல்லாது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட் ஆனால் அந்தப் பெட்டி அதிகபட்சம் 100 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். தூரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம், கூட இருக்க வாய்ப்பே இல்லை. பல ஊர்களில் இருந்து அளந்து வட்டங்கள் போட்டால், எல்லா வட்டமும் சேர்கிற இடத்தில் ஆள் மாட்டுவான். ரைப் அட்லஸ் என்று தன்னார்வலர்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவுக் கருவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, 2010ல் ஆரம்பித்தது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் செய்து பார்த்த ஒன்று. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் (வேறு இடத்துச் சர்வர் வழியாக இணையத்துக்குப் போக வைக்கும் சேவை) நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். ஜூனில் எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டது. ஆனால் ஆப்பில் "இந்தியா" போகவில்லை. இந்தியப் பதிவு உள்ள ஐபியைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் சர்வரில் போட்டு ஓட்டுகிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள். இன்னும் சிலரும் அதே வழிக்கு வந்தார்கள். அப்படி ஒரு "இந்திய" முகவரியை இங்கே வீட்டில் இருந்து பிங் செய்தேன், அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தேன். 2 மில்லிசெகண்டுக்கும் கீழே பதில். அதாவது 200 கிலோமீட்டருக்குள். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர். 2002ல் போட்ட ஐ2ஐ கடலடி கேபிள் மட்டுமே 3,200 கிலோமீட்டர், அதில் போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட் குறைந்தபட்சம். தேடும் தளங்களோ ஒன்றுவிடாமல் "இந்தியா" என்று சத்தியம் செய்தன.

பழைய_ரௌட்டர் (சென்னை)

தம்பி, அளவு முறை நல்லது, மறுக்கவில்லை. இதில் நம்மவர்களுக்கும் ஒரு இடம் உண்டு. 2001ல் வெங்கட பத்மநாபன், லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் இரண்டு பேரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி என்று சொல்வேன். பத்மநாபன் அப்போது மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்தார். மூன்று வழி காட்டினார்கள்: வழியில் இருக்கும் ரௌட்டர்களின் பெயரைப் படிப்பது, நீங்கள் சொல்கிற மாதிரி தாமதத்தை அளப்பது, ஒரு தொகுதியில் இருக்கும் பயனர்கள் தாங்களே வேறு இடத்தில் பதிந்த ஊரைப் பார்த்து மொத்தத் தொகுதிக்கும் ஊர் குறிப்பது. இன்று விற்கிற டேட்டாபேஸ்களின் அடியிலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு விகிதத்தில் இருக்கும்.

ரௌட்டர் பெயர் விஷயம் ரசமானது. டிரேஸ்ரூட் (செய்தி போகும் வழியில் இருக்கும் ரௌட்டர்களைக் காட்டும் கட்டளை) போட்டால் நடுநடுவே வரும் பெயர்களில் விமான நிலையக் குறி ஒளிந்திருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர், சிஎம்பி கொழும்பு. ஊர்ப் பெயரெல்லாம் மாறி முடிந்தும் மெட்ராஸும் பம்பாயும் ரௌட்டரில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பெட்டியைச் சென்னையில் இருந்து கழற்றி ஐதராபாத்தில் மாட்டிவிட்டுப் பெயரை மாற்றாமல் விடுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், வேலை நேரத்தில் அவர்களுக்கு வேறு கவலை.

உங்கள் அளவு முறை சர்வருக்கு நன்றாகப் பொருந்தும். வைகைக்கரைக்கு உதவாது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் போனை வெளியே இருந்து பிங் செய்ய முடியாது. வாசலில் இருக்கும் பெட்டிதான் பதில் சொல்லும், சொன்னால். அப்புறம் 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) மாதிரி பொதுச் சேவை முகவரிகள் ஒரே நேரத்தில் பல நாடுகளில் இருக்கின்றன. 1.1.1.1ஐத் தேடினால் சில தளங்கள் ஆஸ்திரேலியா என்கின்றன, அந்தத் தொகுதி ஏப்னிக்கின் ஆராய்ச்சிப் பிரிவு பெயரில் இருப்பதால். உங்களுக்குப் பதில் கொடுக்கும் பெட்டி பக்கத்து டேட்டா சென்டரில் உட்கார்ந்திருக்கும்.

தெம்பனிஸ்_தம்பி (சிங்கப்பூர்)

ஏற்கிறேன் சார். ஆனாலும் பையன் சொன்ன "காசு கட்டினால் தெரு வரைக்கும்" என்பதை யாரும் நேராக மறுக்கவில்லை. காசு கட்டினால் நகரம் கொஞ்சம் மேம்படும், அதுவும் வீட்டு பிராட்பேண்டுக்கு. மொபைலுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் விடையே தகவலில் இல்லை. இல்லாததை யார் விற்க முடியும்?

சும்மா_வந்தேன்

அப்போ நாடு மட்டுமாவது சரியா வருமா, அதுவும் டவுட்டா?

பழைய_ரௌட்டர் (சென்னை)

நாடு பெரும்பாலும் சரியாக வரும். விபிஎன், ரோமிங், வாடகைத் தொகுதி இந்த மூன்றையும் தள்ளிவிட்டால்.

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 2000ல் யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிப் பொருட்கள் விற்பதைப் பிரெஞ்சு மக்கள் பார்க்காமல் தடுக்க முடியுமா என்று பாரிஸில் வழக்கு. நீதிமன்றம் மூன்று நிபுணர்களைப் போட்டது, அதில் ஒருவர் இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப். ஐபியை வைத்து பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம், பயனரிடமே கேட்டு வாங்கும் தகவலையும் சேர்த்தால் 90 சதவீதத்தை நெருங்கலாம் என்று வந்தது. நவம்பர் 20 அன்று தடுக்கச் சொல்லித் தீர்ப்பு. மீதிப் பேரை ஏன் பிடிக்க முடியாது என்பதற்கு அப்போது சொன்ன உதாரணத்தைக் கவனியுங்கள்: பிரான்ஸில் இருந்து ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் வழியாக வருகிறவர்கள் எல்லோரும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருப்பதாகத் தெரிந்தார்கள். நிறுவனத்தின் வாசல் அங்கே. தென்காசிக்காரர் சென்னைக்காரர் ஆவதும் இதேதான்.

கணக்குப்பிள்ளை (கோவை)

ஆடிட்டர் பக்கத்தில் இருந்து ஒரு வரி. 2017 ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தில், வெளிநாட்டில் இருந்து இணையம் வழியாகச் சேவை விற்கும்போது வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறாரா என்று முடிவு செய்ய 13வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. வாங்குபவர் கொடுத்த முகவரி, கார்டு வழங்கிய நாடு, பில் முகவரி, கருவியின் ஐபி, வங்கி, சிம் கார்டின் நாட்டுக் குறி, தரைவழி போன். ஏழில் ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு இருந்தால் போதும். ஐபியை மட்டும் வைத்து நாட்டையே முடிவு செய்யச் சட்டம் விடவில்லை. நீங்கள் மாவட்டத்தை முடிவு செய்கிறீர்கள்.

கூரியர் கட்டணத்துக்குப் பின்கோடு கேட்டால் முடிந்தது. ஆறு இலக்கம் தட்ட யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வைகைக்கரை (மதுரை)

பின்கோடு கேட்டால் பாதிப் பேர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்று பையன் பயப்படுகிறான். அதனால்தான் ஐபி.

தெம்பனிஸ்_தம்பி (சிங்கப்பூர்)

முதல் பக்கத்திலேயே கேட்காதீர்கள் அண்ணா. ஐபியைப் பார்த்து "தமிழ்நாட்டுக்குள் இவ்வளவில் இருந்து" என்று தோராயமாகக் காட்டுங்கள், மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியில் பொருளைப் போட்ட பிறகு பின்கோடு. வேண்டுமானால் "என் இருப்பிடத்தைப் பயன்படுத்து" என்று ஒரு பொத்தான் வையுங்கள், அழுத்தினால் பிரவுசர் அனுமதி கேட்டு ஜிபிஎஸ், வைஃபை வைத்துச் சொல்லும். அதற்குத் தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், குரோம் 2016லிருந்தே கட்டாயம். பக்கம் திறந்ததும் அனுமதிப் பெட்டியை நீட்டாதீர்கள், எல்லோரும் "வேண்டாம்" அழுத்திவிடுவார்கள்.

இன்னொன்று: மேக்ஸ்மைண்டின் இலவச டேட்டாபேஸான ஜியோலைட் கோப்பை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டுப் பையன் மறந்திருக்கப்போகிறான். 2019 டிசம்பர் கடைசியில் இருந்து அதற்குக் கணக்கு துவங்கி உரிமச் சாவி வாங்க வேண்டும், புதுப் பதிப்பு வந்து 30 நாளுக்குள் பழையதைத் தூக்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கோப்பின் தேதியைப் பாருங்கள்.

சும்மா_வந்தேன்

எல்லாம் சரி, போலீஸ் மட்டும் ஐபியை வைத்து ஆளைப் பிடிக்குதே? தினமும் பேப்பரில் வருது.

பழைய_ரௌட்டர் (சென்னை)

போலீஸ் மேப்பைப் பார்ப்பதில்லை, நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறது. முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91வது பிரிவு, 2024 ஜூலையில் இருந்து புதுச் சட்டத்தில் 94. "இந்த ஐபி இந்த நேரத்தில் யாரிடம் இருந்தது?" என்ற கேள்விக்கு உலகத்தில் பதில் தெரிந்த ஒரே இடம் அந்த நிறுவனத்தின் லாக். வெளியே இருக்கும் எந்தத் தளத்துக்கும் அது தெரியாது.

அங்கேயும் வழுக்கும். சிஜிநாட் இருந்தால் ஐபியும் நேரமும் போதாது, சோர்ஸ் போர்ட் எண் (அந்த ஐபிக்குப் பின்னால் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) வேண்டும். சர்வர்களில் அதையும் லாக் செய்யுங்கள் என்று 2011லேயே ஆர்எஃப்சி 6302 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்லிவிட்டது. உங்கள் கடைத் தளத்தில் செய்கிறீர்களா? இருக்காது. லாக்கில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பதைக் கவனிக்காவிட்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறு ஒருவர் வீட்டில் போய் நிற்கும். 2007ல் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியரை ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் வந்த படம் ஒன்றுக்காக மகாராஷ்டிர போலீஸ் பிடித்துப் போனது. இணைய நிறுவனம் கொடுத்த ஐபி விவரமே தவறு. மனிதர் 50 நாள் உள்ளே இருந்தார்.

வைகைக்கரை, உங்கள் திருட்டு ஆர்டர்காரனுக்கு ஐபியை விடுங்கள். போன் நம்பருக்கு ஓடிபி வையுங்கள், ஒரு தடவை திருப்பிய நம்பருக்கும் டெலிவரி முகவரிக்கும் அடுத்த முறை முன்பணம் கேளுங்கள். பார்சல் போன முகவரி உங்கள் கையில் இருக்கும்போது ஐபி எதற்கு?

வைகைக்கரை (மதுரை)

அந்த முகவரிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு தெரு சார், ஆனால் மூன்றுக்கு ஒரே பின்கோடு. மதுரைப் பின்கோடு. மச்சான் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறார். ஓடிபி இன்றைக்கே போடச் சொல்லிவிட்டேன்.

சும்மா_வந்தேன்

பாண்டியன் டிக்கெட் காசு மிச்சம். போட்டி சேலைக் கடை பக்கம் ஒரு கண்ணு வைங்க அண்ணே.

கேபிள்_தேனி

இழை இறங்கிப் போவதற்குள் என் பிரச்சினையையும் போட்டுவிடுகிறேன். சின்ன அளவில் பிராட்பேண்ட் கொடுக்கிறோம். போன வருஷம் ஒரு ஸ்லாஷ் 24, அதாவது 256 முகவரி, வாடகைக்கு எடுத்தோம். அதில் போட்ட வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பிரேசில் என்று வருகிறது. யூடியூபில் போர்ச்சுகீசிய விளம்பரம், கிரிக்கெட் ஆப் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்கிறது. ஐபிஎல் நேரத்தில் ஒரு அக்கா நேரில் வந்து திட்டிவிட்டுப் போனார்.

தெம்பனிஸ்_தம்பி (சிங்கப்பூர்)

பழைய சொந்தக்காரர் பிரேசிலில் இருந்திருப்பார். இதற்குத்தான் ஜியோஃபீட். ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பு, வரிக்கு ஒரு தொகுதி: முகவரித் தொகுதி, கமா, நாட்டுக் குறி, கமா, மாநிலக் குறி, கமா, ஊர், கமா. கடைசியில் இருந்த அஞ்சல் குறியீட்டுப் புலத்தைக் காலியாக விடுங்கள், தனிமனித அந்தரங்கம் கருதி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 8805 இதுதான். கோப்பை உங்கள் தளத்தில் எச்டிடிபிஎஸ்ஸில் வையுங்கள்.

அப்புறம் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பதிவேட்டில் சொல்ல வேண்டும். தொகுதியின் பதிவில் ஜியோஃபீட் என்று ஒரு வரி, அந்தப் புலம் இல்லாத பதிவகத்தில் ரிமார்க்ஸ் வரியில் போடலாம். இங்கேதான் உங்களுக்குச் சிக்கல்: வாடகை என்பதால் பதிவை நீங்கள் மாற்ற முடியாது, விட்டவர்தான் மாற்ற வேண்டும். அவரை நச்சரியுங்கள். நாட்டுப் புலத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

பழைய_ரௌட்டர் (சென்னை)

கூடவே மேக்ஸ்மைண்ட், மலேசியாவின் பினாங்கில் இருக்கும் ஐபி2லொகேஷன், ஐபிஇன்ஃபோ, எல்லோரிடமும் திருத்தப் படிவம் இருக்கிறது. தனித்தனியாகப் போட வேண்டும், ஒருவர் திருத்தினால் மற்றவருக்குத் தெரியாது. கிரிக்கெட் ஆப் எந்த டேட்டாபேஸை வைத்திருக்கிறது என்று அவர்கள் சப்போர்ட்டைக் கேட்டால் சில நேரம் சொல்வார்கள். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் போடுங்கள்.

ஊர்ப் புலத்தில் "தேனி" என்று போடுங்கள், தெரு அளவுக்கு இறங்காதீர்கள்.

கேபிள்_தேனி

விட்டவர் மெயிலுக்கே பதில் போடுவதில்லை சார். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

பழைய_ரௌட்டர் (சென்னை)

அப்படியானால் மார்ச்சில் வேறு ஆளைப் பாருங்கள், பதிவு மாற்றித் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால் அந்தத் தொகுதியில் நாலைந்து முகவரியை எடுத்து எல்லாத் தளத்திலும் தேடிப் பாருங்கள். அதுவரை திட்டிய அக்காவின் கனெக்‌ஷனை மட்டும் உங்கள் பழைய தொகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

கேபிள்_தேனி

அது நேற்றே மாற்றிவிட்டேன். இன்று அவர் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்.